உழாத பாதி

ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது. "ஒருவேளை" என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்தால் முதலில் வந்து விழும் சொல் அதுதான். ஒருவேளை மழை வந்துவிட்டால்? ஒருவேளை மழை வராமலே போய்விட்டால்? இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டு, இரண்டுக்கும் சேர்த்துக் கவலைப்படக்கூடிய மனிதர். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இழுத்த இழுப்பில் பூட்டு கெட்டுப்போயிருக்குமோ என்று இன்னொரு முறையும் வருவார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் விடியாததுமாக சைக்கிளை எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்கே போய் எட்டிப் பார்த்தவர் அவர். மணப்பெண்ணே வாசலுக்கு வந்து, "இங்கதான் இருக்கேன், எங்கயும் ஓடிப் போகலை, போய்க் குளிங்க" என்று விரட்டினாராம். இதை அவர் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அவரும் மறுத்ததில்லை. "ஒருவேளை நீ இல்லாமப் போயிருந்தா?" என்று மட்டும் கேட்பார்.

இப்படிப்பட்ட ஆளிடம் போய், மண்ணைக் கிளறாமல் சோயா விளைவித்துக் காட்டு என்று சொன்னது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அக்காதான்.

அப்பா விட்டுப் போன நிலத்தை ஒரு வரப்பு இரண்டாகப் பிரிக்கிறது. மேல் பாதி தம்பிக்கு, கீழ்ப் பாதி அக்காவுக்கு. தம்பி தன் பாதியை வருஷம் தவறாமல் உழுது பயிர் செய்தார். அக்காவோ டவுனில் தையல்கடை வைத்திருந்ததால் அவருடைய பாதி பல வருஷமாகச் சும்மா கிடந்து, புல் மண்டி, ஆடுகளுக்குத்தான் பயன்பட்டது.

அக்காவின் கடை ஒற்றை அறை. ஜன்னலோரம் மிஷின், சுவரோரம் தைக்கக் காத்திருக்கும் துணிகள், கதவுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. தம்பி போன அன்றைக்கு அக்கா ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நூல் கோர்க்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். தம்பி வாங்கிக் கோர்த்துக் கொடுத்தார்.

"கண்ணு போச்சுடா," என்றார் அக்கா. "இந்தக் கடையை இனிமே ரொம்ப நாள் இழுக்க முடியாது. என் பாதியில இந்தத் தடவை ஏதாவது விளைஞ்சாகணும்."

"அவ்வளவுதானே அக்கா? டிராக்டர் அண்ணன்கிட்ட சொல்லி இன்னைக்கே உழுதுடலாம்."

"உழக் கூடாது."

தம்பி திருதிருவென விழித்தார்.

"போன மழைக்கு வந்தேன்ல, அப்பப் பார்த்தேன்," என்றார் அக்கா. "உன் பாதியிலிருந்து மண்ணு அப்படியே குழம்பாக் கரைஞ்சு ரோட்டுப் பள்ளத்துல ஓடுது. என் பாதியில புல்லு இருக்கறதால தண்ணி தெளிவா வடியுது. வேளாண்மை ஆபீசரம்மா இங்கதான் துணி தைக்கக் குடுப்பாங்க. கேட்டேன். புல்லை வெட்டி, மருந்தடிச்சுக் காய வச்சுட்டு, மண்ணைக் கிளறாம அது மேலயே சோயா விதைக்கலாமாம். அதுக்கு மிஷின் அவங்க ஆபீஸ்லயே குடுப்பாங்களாம். சும்மா சும்மா வெட்டி வெட்டித் தைச்சா எந்தத் துணிதான்டா நிக்கும்?"

"ஒருவேளை முளைக்கலைன்னா?"

"அப்போ டிராக்டர்கிட்டக் குடுத்துடறேன். அவன் குத்தகைக்குக் கேட்டுக்கிட்டேதான் இருக்கான். உழுது என்ன வேணா போட்டுக்கட்டும். கடைசிக் காலத்துல நான் அல்லாட முடியாது பாரு. நீ தம்பியாச்சேன்னு முதல்ல உன்னைக் கேக்கறேன்."

டிராக்டர் என்பது பெரியப்பா மகன். ஊரில் பாதி நிலத்தை உழுவது அவருடைய டிராக்டர்தான், அதனால் அந்தப் பெயர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. உழாமல் கிடக்கும் நிலத்தைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும், அவ்வளவுதான்.

தம்பிக்கு வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. அவருடைய பாதியில் விளைச்சல் வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே வந்தது. மழையைக் குறை சொன்னார், விதையைக் குறை சொன்னார், பூச்சியைக் குறை சொன்னார். எதைச் சொன்னாலும் மேல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது என்பது அவருக்கும் மனைவிக்கும் தெரிந்துபோயிருந்தது. டவுனில் ஒரு குடோனுக்குக் காவலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த குடோன் வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியை பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்ப்பார். ஒருவேளை அது தனக்காகத்தான் காலியாகக் கிடக்கிறதோ என்று தோன்றும். அக்காவின் பாதி கிடைத்தால் பிழைத்தார். டிராக்டர் கைக்குப் போய்விட்டால் நாற்காலிதான்.

விதைப்பதற்கு முன்னாலேயே கவலை ஆரம்பித்துவிட்டது. கீழ்ப் பாதி சோயாவையே பார்த்திராத மண். சோயா தனக்கு வேண்டிய தழைச்சத்தைக் காற்றிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும், ஆனால் அந்த வேலையைச் செய்கிற ரைசோபியம் கிருமி மண்ணில் இருந்தால்தான் வேரில் முடிச்சு கட்டும், இல்லாவிட்டால் நாம்தான் விதையோடு சேர்த்துவிட வேண்டும் என்று ஆபீசரம்மா சொல்லியிருந்தார். மனைவி அந்தக் கிருமி கலந்த கறுப்புப் பொடியை சர்க்கரைத் தண்ணீரில் குழைத்து, விதையில் பிசிறி, பின்பக்கம் நிழலில் சாக்கு விரித்துப் பரப்பினார். வெயில் பட்டால் கிருமி செத்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நிழலில் கிடந்த விதைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் நம்மவர்.

"நிழலுக்கே நிழலா?" என்றார் மனைவி.

"சூரியன் நகருமே. ஒருவேளை இந்தப் பக்கம் திரும்பிட்டா?"

விதைக்கும் கருவியை இழுக்க ஒரு டிராக்டர் வேண்டும். ஊரில் வேறு யாரிடம் போவது? டிராக்டர் அண்ணனே வந்தார். கலப்பையைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கருவியை மாட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கருவியின் முன்னால் இருந்த வட்டத் தகடுகள் காய்ந்த புல்லை வெட்டி மண்ணில் ஒரு கீறல் போட்டன. பின்னால் ஒரு குழாய் சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களை ஆழத்தில் இட்டது, இன்னொரு குழாய் விதையைப் பக்கத்தில் போட்டது. ஓட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால் நிலம் ஓட்டுவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே கிடந்தது.

"தம்பி, நிஜமாவே விதைச்சோமா, இல்லை சும்மா ஊர்வலம் போயிட்டு வந்தோமா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் ஒரு சிரிப்புச் சிரித்தார். வரப்பில் நின்றவர்களும் சிரித்தார்கள். நம்மவர் சிரிக்கவில்லை. அவருக்கும் அதே சந்தேகம்தான்.

மேல் பாதிக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. கலப்பையை மறுபடி மாட்டி, வழக்கம்போலக் குறுக்கும் நெடுக்குமாக உழுது, மண்ணை மாவாக்கி, போன வருஷம் போலவே சோயா விதைத்தார்கள். அது பாட்டுக்கு நடந்தது. அதைப் பற்றி அவர் யோசிக்கக்கூட இல்லை.

விதைத்த சில நாளிலேயே ஒரு பெருமழை அடித்தது. அவர் முதலில் ஓடியது கீழ்ப் பாதிக்குத்தான். விதை அழுகியிருக்குமோ, அடித்துக்கொண்டு போயிருக்குமோ என்று குனிந்து குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தார். புல்லுக்கடியில் மண் ஈரமாக, இருந்த இடத்தில் இருந்தது. மேல் பாதியில் ஒரு மூலையில் வாய்க்கால் போல அரித்து, மிச்சமிருந்த மேல்மண் வெயில் பட்டதுமே காய்ந்து அப்பளமாக இறுகிக் கிடந்தது. "அது எப்பவும் அப்படித்தான்" என்று தாண்டிப் போய்விட்டார்.

மேல் பாதி முதலில் முளைத்தது. கீழ்ப் பாதி முளைக்கவில்லை. புல் மூடிய மண்ணுக்குச் சூடு ஏற நேரமாகும், பொறுங்கள் என்று ஆபீசரம்மா போனில் சொன்னார். பொறுப்பது என்பது இவருக்குத் தெரியாத வித்தை. சாப்பாடு இறங்கவில்லை. எந்தச் சத்தம் கேட்டாலும் டிராக்டர் சத்தமாகவே கேட்டது. கடைசியில் ஒரு காலையில் காய்ந்த புல்லுக்கு நடுவே வளைந்த கழுத்தோடு முளைகள் எழும்பியிருந்தன. வரப்பில் உட்கார்ந்து வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷம் எவ்வளவு நேரம் நின்றது என்கிறீர்கள்? எழுந்து நிற்பதற்குள், ஒருவேளை இதை நத்தை தின்றுவிட்டால் என்று தோன்றிவிட்டது.

அடுத்து இலை வெளுக்கத் தொடங்கியது. இதுதான் சோயா போடுகிற யாரையும் ஆட்டிவைக்கும் கட்டம். விதையில் இருந்த சத்து தீர்ந்து, வேர் முடிச்சு இன்னும் வேலைக்கு வராத இடைவெளி அது. செடி பசியில் மஞ்சளாகும். மேல் பாதிக்கு எப்போதும் போல யூரியாவை வீசியிருந்தார், அது கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது. வரப்புக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் மஞ்சள். ரோட்டில் பஸ்ஸில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

ஒரு மத்தியானம் மீதமிருந்த யூரியா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்ப் பாதிக்கு நடந்தார். மனைவி மோட்டார் ரூம் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர், கையை உதறிக்கொண்டு வந்து குறுக்கே நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கொஞ்சமா. ஓரத்துல மட்டும்."

"ஆபீசரம்மா என்ன சொன்னாங்க? உட்கார்ந்த இடத்துல சோறு போட்டா எவனும் வேலைக்குப் போக மாட்டான், யூரியாவைக் கொட்டினா வேர் முடிச்சு கட்டாதுன்னு சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க. ஆனா ஒருவேளை முடிச்சே கட்டலைன்னா? யூரியாவும் இல்லாம, முடிச்சும் இல்லாம..."

"தோண்டிப் பாருங்க. முடிச்சு இல்லைன்னா நானே வீசறேன்."

பாவம், அந்த அம்மா நல்லதுக்குத்தான் சொன்னார். இந்த மனுஷனிடம் 'தோண்டிப் பார்' என்று சொல்வதன் விபரீதம் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய பிறகும் அவருக்குத் தோன்றவில்லை.

அவர் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்தார். பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் வேரை அலசினார். கடுகு கடுகாக முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் கீறினார். உள்ளே லேசான சிவப்பு. சிவப்பு என்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். யூரியா மூட்டை வீட்டுக்குத் திரும்பியது.

வேறு யாராக இருந்தாலும் கதை அத்தோடு முடிந்திருக்கும். இவருக்கு அன்று சாயங்காலமே ஒரு சந்தேகம் முளைத்தது. ஒருவேளை அது மட்டும்தான் நல்ல செடியோ? மறுநாள் இன்னொன்றைத் தோண்டினார். அதிலும் முடிச்சு. அது முதல் செடிக்குப் பக்கத்தில் நின்றது, அதனால்கூட இருக்கலாம் என்று தள்ளி ஒன்றைத் தோண்டினார். அதிலும் இருந்தது. அப்படியானால் நடுவில்? மேட்டில்? தண்ணீர் நிற்கும் மூலையில்? ஒவ்வொரு நல்ல செடியும் அவருக்கு அடுத்த செடியின் மேல் சந்தேகத்தைக் கிளப்பியது. தோண்டிய கொஞ்ச நேரம்தான் மனசு அமைதியாக இருக்கும், பிறகு கை மறுபடி களைக்கொத்தைத் தேடும்.

அலசிப் பார்த்த செடிகளை மோட்டார் ரூமுக்குப் பின்னால் போட்டுச் சாக்கால் மூடினார். செய்வது சரியில்லை என்று தெரிந்ததால்தானே மூடினார்? தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அந்த நாட்களில் அவர் நகக்கண் எப்போதும் சிவந்திருந்தது. மனைவி கேட்டதற்கு, "பீட்ரூட்" என்றார். வீட்டில் பீட்ரூட்டே வாங்கவில்லை.

இதற்குள் கீழ்ப் பாதியின் மஞ்சள் தானாகவே மாறி இலை பச்சை பிடித்தது. நம்மவருக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. ஒரு நாள் வரப்பில் நின்று நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வரிசைக்கு வரிசை ஓட்டை. பல் விழுந்த வாய் போல வயல் இளித்தது. அத்தனையும் அவர் கைவேலை.

அதே காட்சியை டிராக்டர் அண்ணனும் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததைத்தான் அவர் அர்த்தம் பண்ணிக்கொள்ள முடியும். நேராக அக்காவுக்கு போன் போட்டார். "அக்கா, விதை பாதி முளைக்கவே இல்லை. நான் அன்னைக்கே நினைச்சேன். இன்னும் பருவம் இருக்கு, இப்பவே உழுது மக்காச்சோளம் போட்டா தப்பிச்சுக்கலாம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அக்கா மறுநாளே பஸ்ஸில் வந்து இறங்கினார். டவுன் செருப்பு, தோளில் துணிப்பை, மூக்கில் நழுவும் கண்ணாடி. கீழ்ப் பாதி வரப்பில் டிராக்டர் கலப்பை மாட்டியபடி உறுமிக்கொண்டு நின்றது. மனைவி ஓடி வந்து, "வாங்க அண்ணி" என்று பையை வாங்கிக்கொண்டார். தம்பி வந்து நின்றார், முகத்தில் ஈயாடவில்லை.

"பாருங்கக்கா," என்று அண்ணன் கையை நீட்டிக் காட்டினார். "இங்க ஒரு ஓட்டை, அங்க ரெண்டு ஓட்டை. கல்லு மாதிரி கிடக்கற மண்ணுல கீறி விட்டா விதை எப்படி வரும்? தம்பி மேல தப்பில்லை. முறை தப்பு."

அக்கா வரிசையோடு கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். கண் சரியாகத் தெரியாதவர்தான், ஆனாலும் தையல் விட்டுப்போன இடம் அவருக்குத் தெரியாமல் போகுமா? திரும்பி வந்து தம்பியைப் பார்த்தார். "என்னடா, பேச மாட்டேங்கறே?"

என்ன சொல்வது? முளைக்காத விதை என்றால் யார் மேலும் பழியில்லை. முளைத்த செடியைத் தானே தோண்டித் தள்ளினேன் என்றால் ஊர் சிரிக்கும். ஏற்கெனவே வைத்த பெயர் போதாதா? அடுத்த தலைமுறை வரைக்கும் கூப்பிட இன்னொரு பெயர் கிடைத்துவிடும். வாய் வரை வந்ததை மென்று விழுங்கினார்.

அக்கா பெருமூச்சு விட்டார். "சரி, என்ன செய்யறது. எனக்குக் குடுத்து வைக்கலை. உழுதுடுப்பா."

டிராக்டர் அண்ணன் ஏறி உட்கார்ந்தார். கலப்பை இறங்கியது. முன்சக்கரம் முதல் வரிசையின் மேல் ஏற இருந்த நேரத்தில், வாழ்நாளில் எதற்கும் முதல் ஆளாக முன்னால் போகாத மனிதர், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு டிராக்டருக்கு முன்னால் ஓடிப் போய் நின்றார்.

"நிறுத்துங்கண்ணே! எல்லாம் முளைச்சுது! நான்தான் தோண்டினேன்!"

எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும். ஆனால் ஆள் நின்ற நிலையைப் பார்த்து அண்ணன் பிரேக்கை மிதித்துவிட்டார்.

"என்னது?"

"முடிச்சு கட்டியிருக்கான்னு பார்க்கத் தோண்டினேன்."

"அத்தனையுமா? எதுக்கு தம்பி இந்தப் பொய்? நிலம் போகுதுன்னு என்ன வேணா சொல்றதா?"

அப்போது மனைவி மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனார். சாக்கைத் தூக்கும் சத்தம் கேட்டது. இரண்டு கைகொள்ளாமல் காய்ந்த செடிகளை அள்ளிக்கொண்டு வந்து, அக்காவின் காலடியில் போட்டார். எல்லாவற்றிலும் அலசிச் சுத்தம் பண்ணிய வேர்.

"இன்னும் இருக்கு அண்ணி. பீட்ரூட்டுன்னு சொன்னப்பவே போய்ப் பார்த்துட்டேன். அவரே சொல்லட்டும்னு இருந்தேன்."

அக்கா குனிந்து ஒரு செடியை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

"இதுல முடிச்சு இருந்துதா?"

"இருந்துச்சு."

"இதுல?"

"அதுலயும்."

"எதுலதான்டா இல்லை?"

"எல்லாத்துலயும் இருந்துச்சு அக்கா."

"அப்புறம் எதுக்குடா தோண்டிக்கிட்டே இருந்தே, படுபாவி?"

"ஒருவேளை... அடுத்த செடியில இல்லாமப் போயிட்டா?"

அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று தம்பி பதறிப் போய்க் கிட்டே வந்தார். சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். டிராக்டர் அண்ணனுக்கும் உதடு துடித்தது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம்மவர் அசடு வழிந்துகொண்டு நடுவில் நின்றார். பயந்தது நடந்தேவிட்டது, எல்லோரும் சிரிக்கிறார்கள், அதனால் உயிர் ஒன்றும் போய்விடவில்லை என்பதில் அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா வரப்புக்கு மேலே, தம்பியின் பாதியைப் பார்த்தார். கரும்பச்சையாக, ஓர் ஓட்டை இல்லாமல் நின்றது.

"அங்க எத்தனை தோண்டினே?"

"அங்கயா? ஒண்ணுகூட இல்லை."

"ஏன்?"

"அங்க என்ன பயம்? எப்பவும் போல உழுது, எப்பவும் போல யூரியா போட்டதுதானே."

"ஒண்ணே ஒண்ணு எடு. சும்மா பாக்கலாம்."

அவர் எந்தக் கவலையும் இல்லாமல் களைக்கொத்தோடு மேல் பாதிக்குள் இறங்கினார். நல்ல செழிப்பான செடியாகப் பார்த்து, அக்காவுக்குக் காட்டலாமே என்று, அதன் பக்கத்தில் குத்தினார். மேல்மண் மாவாக விலகியது. அதற்குக் கீழே களைக்கொத்து 'ணங்' என்று நின்றது. கல் என்று நினைத்துத் தள்ளிக் குத்தினார். அங்கேயும் 'ணங்'. கீழ்ப் பாதியில் எத்தனையோ செடி தோண்டியிருக்கிறார், ஒரு தடவைகூட அப்படிச் சத்தம் வந்ததில்லை.

செடியைப் பெயர்த்து எடுத்தார். அலச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வேர் ஒரு சாண்கூட இறங்காமல், அந்த இறுகிய மண் அடுக்கில் முட்டி, பக்கவாட்டில் திரும்பி, போக வழியில்லாமல் படுத்திருந்தது. முடிச்சு தேடினார். அங்கொன்றும் இங்கொன்றும். நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே சிவப்பு இல்லை, வெளிறிக் கிடந்தது.

யாரும் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கீழ்ப் பாதியில் அத்தனை வேரைப் பார்த்த கண். புல் வேரும் மண்புழுவும் போட்டு வைத்த வழியில் அங்கே வேர் நேராகக் கீழே போயிருந்ததும், முடிச்சு கொத்துக் கொத்தாகப் பிடித்திருந்ததும் அவருக்குத்தான் ஊரிலேயே நன்றாகத் தெரியும். மழையை, விதையை, பூச்சியை எல்லாம் குறை சொன்ன வருஷங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இதுநாள் வரை அவர் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று தோன்றியது.

டிராக்டர் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். குழிக்குள் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். அவர் முகமும் மாறிவிட்டது.

"வருஷா வருஷம் ஒரே ஆழத்துல நான்தானே ஓட்டினேன், அதான் அடிமண்ணு இப்படி இறுகிக் கிடக்கு," என்றார் மெதுவாக. "இந்த ஊர்ல எல்லா நிலமும் நான் ஓட்டினதுதான்." வரப்பைத் தாண்டிப் பரந்து கிடந்த வயல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "என் பாதி உன்கிட்டயே இருக்கட்டும்டா. ஓட்டை விழுந்தாலும் பரவாயில்லை, பக்கத்துச் செடி கிளை விட்டு மூடிக்கும்னு ஆபீசரம்மா சொல்லியிருக்காங்க. ஆனா அறுவடை வரைக்கும் நீ அதுக்குள்ள கால் வைக்கக் கூடாது. களை எடுக்க உன் பொண்டாட்டி போதும்."

தம்பி தலையாட்டினார். காதில் விழுந்ததா என்பதே சந்தேகம். குடோன் வாசல் நாற்காலி அவர் கண்ணுக்கு முன்னாலிருந்து போய்விட்டது, அது போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை. கோணிய வேரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, டீ வைக்கிறேன், வாங்க," என்றார் மனைவி. அக்காவும் டிராக்டர் அண்ணனும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். மனைவி ஓரடி பின்தங்கித் திரும்பிப் பார்த்தார். கணவர் தன் பாதியில், பத்தடி தள்ளி, மண்டி போட்டிருந்தார்.

"என்னங்க?"

"ஒருவேளை," என்றார் அவர், களைக்கொத்தை ஓங்கியபடி, "அந்தச் செடி மட்டும்தான் அப்படியோ?"

'ணங்' என்றது. அவர் எழுந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார். மனைவி தடுக்கவில்லை. தோண்டி முடிக்கட்டும் என்று நின்றார்.